அதிகம் பேசாதவர் தொண்டு செய்யலாமா?

கேள்வி: எங்கள் பகுதியில் முதியோருக்கும் பார்வையற்ற மாணவர்களுக்கும் உதவும் ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. அதில் சேர ஆசை. ஆனால் நான் அதிகம் பேசாதவள், கலகலப்பாகப் பழக வராது. தனித்திறமை என்று சொல்லவும் எதுவும் இல்லை. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?
– வாசகி ஒருவர்

பதில்: தாராளமாக. தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பில் பல வருடங்கள் இருந்தவள் நான். கலகலப்பானவர்களுக்கு எங்களிடம் பஞ்சமே இருந்ததில்லை. சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவர்களுக்குத்தான் பஞ்சம்.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் வராவிட்டால் அந்தப் பிள்ளையின் தேர்வே சிக்கலாகிவிடும். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள் என்ற சாக்கெல்லாம் அங்கே செல்லாது. சரி, போய் உட்கார்ந்துவிட்டீர்கள். மாணவர் சொல்லும் விடை தப்பு என்று உங்களுக்குத் தெரிகிறது, கை துறுதுறுக்கிறது. திருத்தக் கூடாது. உச்சுக் கொட்டவும் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். தன் கெட்டிக்காரத்தனத்தை அடக்கிக்கொண்டு உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை. நன்றாகப் படித்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள், கவனித்திருக்கிறேன்.

அதிகம் பேசாததைக் குறையாக நினைக்காதீர்கள். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் துணையாகச் சில தன்னார்வலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களில் பலர் அவர்களிடமே மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார் அவர். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு வளர்ந்தது இப்படித்தான். இப்போது அங்கே முறையான பயிற்சி உண்டு. ஆனால் பயிற்சியிலும் முதல் பாடம் காது கொடுப்பதுதான்.

கேட்டது உங்களோடு இருக்க வேண்டும், அது முக்கியம். ஒரு முதியவர் தன் மகனைப் பற்றிக் குமுறியதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்பவரையும், அவரோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுபவரையும் நான் மறுபடி கூப்பிட்டதில்லை. அப்புறம், ‘அடிக்கடி வருகிறேன்’ என்று வாய் வார்த்தைக்காகச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: உதவி பெறுபவர்கள் ஒரு நன்றிகூடச் சொல்வதில்லை. எரிச்சல் வருகிறதே?
– வாசகர் ஒருவர்

பதில்: வரும். பிறரிடம் உதவி வாங்குவதே சிலருக்குக் கூச்சம், அதைக் கோபமாகக் காட்டுவார்கள். அதைத் தாங்க முடியவில்லை என்றால், நன்கொடைப் பொருட்களைப் பிரித்து அடுக்குவது, கணக்கு எழுதுவது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் ஆள் கிடைப்பதில்லை.