ஹீட்டரைக் கழற்றியும் சுவர்க் குழாய் சொட்டுகிறது

ஹீட்டரைக் கழற்றின பிறகும் சொட்டுற சுவர்க் குழாயை நசுக்கி மடிச்சு, சிமெண்டு பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிடாதீங்க. ஸ்டோரேஜ் ஹீட்டர் போய், அதோட வால்வையும் அடைச்ச பிறகு அந்த 15 மி.மீ. செம்புக் குழாய் சொட்டுதுன்னா, உள்ள இன்னும் தண்ணி வந்துகிட்டுதான் இருக்கு.

பெரும்பாலும் ஷவர் மிக்ஸர்தான் (சுடுதண்ணியையும் பச்சைத்தண்ணியையும் கலக்குற குழாய்) காரணம். கைப்பிடியைத் திறந்தே விட்டுட்டு ஸ்பிரேயை மட்டும் அடைச்சா, பச்சைத்தண்ணி மிக்ஸர் வழியாவே சுடுதண்ணிக் குழாய்க்குள்ள ஏறிடும். கார்ட்ரிட்ஜ் (மிக்ஸருக்குள்ள தண்ணியைத் திறந்து அடைக்கிற பாகம்) தேஞ்சாலும் இதே கதைதான்.

மிக்ஸருக்கு வர்ற பச்சைத்தண்ணி வால்வை மட்டும் அடைச்சுட்டு அரைமணி நேரம் பாருங்க. தேங்கினது வடிஞ்சு சொட்டு நின்னா, மிக்ஸர்தான் காரணம், சந்தேகமே இல்ல.

அடுத்து:
1. மெயின் தண்ணி வால்வை அடைச்சு, குழாயை முழுசா வடிய விடுங்க. உள்ள ஈரம் இருந்தா சால்டர் (உருக்கி ஒட்டுற உலோகம்) பிடிக்காது.
2. நேரா வெட்டி, பளபளன்னு தேய்ச்சு, ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவுற பசை) தடவி, 15 மி.மீ. மூடியைச் சால்டர் வச்சு ஒட்டுங்க. நட்டு வச்சு முறுக்குற மூடியைச் சுவருக்குள்ள புதைக்க வேண்டாம்.
3. மெயினைத் திறந்து, டிஷ்யூ சுத்தி ஒரு ராத்திரி விடுங்க. காஞ்சே இருந்தாத்தான் டைல்ஸ்.

குழாய்ல காந்தம் ஒட்டுதா? அப்போ அது ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய். சால்டர் வேண்டாம், மரையுள்ள பிளக்கை வெள்ளை டெஃப்லான் டேப் சுத்தி முறுக்கணும். மரை துருப்பிடிச்சிருந்தா பிளம்பரைக் கூப்பிடுங்க, பலமா திருகினா சுவருக்குள்ளேயே உடையும்.