கண்ணுல ரத்தத் திட்டா? ஆப்டோமெட்ரிஸ்ட்கிட்ட (கண் பரிசோதகர்கிட்ட) கேளுங்க

பெரம்பூர்ல இருந்து: காலைல கண்ணாடில பாத்தா வெள்ளை முழியில ஒரு பக்கம் முழுக்க ரத்தச் சிவப்பு. வலி இல்ல, பார்வையும் நல்லாதான் இருக்கு. மெட்ராஸ் ஐயா சார்?

பதில்: மெட்ராஸ் ஐன்னா உறுத்தும், தண்ணி வடியும், பீளை தள்ளும், முழியில நரம்பு நரம்பா சிவந்திருக்கும். நல்ல வெளிச்சத்துல நின்னு கீழ் இமைய லேசா இழுத்துப் பாருங்க, சிவப்பு பெயின்ட் கொட்டினாப்ல நரம்பே தெரியாம ஒரே திட்டா இருந்தா, முழிக்கு மேல இருக்கிற மெல்லிசு ஜவ்வுக்கு அடியில குட்டி ரத்தக்குழாய் ஒண்ணு வெடிச்சு கசிஞ்சிருக்கு, அவ்ளோதான், யாருக்கும் ஒட்டாது. பலமா இருமுறது, தும்முறது, வாந்தி, மலச்சிக்கல்ல முக்குறது, 20 லிட்டர் தண்ணி கேன தம் கட்டித் தூக்குறது, எதுலயும் வரும், பல பேருக்கு காரணமே தெரியாது. முதல் ரெண்டு நாள் கொஞ்சம் பரவும், அதப் பாத்து பதறாதீங்க, ரெண்டு வாரத்துல மஞ்சளாகி தானா மறைஞ்சிடும். பிபி மட்டும் ஒருவாட்டி செக் பண்ணிடுங்க.

வேளச்சேரில இருந்து: எனக்கும் அதேதான், டாக்டரே பாத்து சொல்லிட்டார். மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க, போடவா?

பதில்: தயவு செஞ்சு வேணாம். அதுல ஸ்டீராய்டு இருந்தா கண்ணுல பிரஷர் ஏறி பார்வைக்கே ஆபத்தாகலாம், இந்தத் திட்டு சீக்கிரம் கரையவும் கரையாது. உறுத்தலா இருந்தா கண் வறட்சிக்குப் போடுற சொட்டு போதும். தாய்ப்பால், விளக்கெண்ணெய்னு யார் சொன்னாலும் ஊத்தாதீங்க. கசக்கவும் கூடாது.

தாம்பரத்துல இருந்து: அப்பாவுக்கு 68 வயசு, ஹார்ட் ரத்தக்குழாய் அடைக்காம இருக்க ஸ்டென்ட் வெச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுறார். இந்த வருஷம் மூணாவது தடவை இப்படி. மாத்திரைய நிறுத்திடலாமா?

பதில்: நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் அடைச்சா உயிருக்கே ஆபத்து, கண்ணுல இருக்கிற திட்டு அப்படி இல்ல. ஆனா திரும்பத் திரும்ப வருதுன்னா விடக்கூடாது. பிபி, சுகர் பாத்துட்டு ஹார்ட் டாக்டர்கிட்ட சொல்லுங்க, தேவைப்பட்டா ரத்தம் உறையுற டெஸ்ட் எழுதுவார். ஈறுல ரத்தம் வருதா, உடம்புல அங்கங்க கன்றிப்போகுதான்னும் பாருங்க, இருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க.

ராயபுரத்துல இருந்து: பையனுக்கு கிரிக்கெட் பால் கண்ணுல பட்டுருச்சு, கருமணிக்கு முன்னாடி கீழ ரத்தம் தேங்கினாப்ல தெரியுது, மங்கலா இருக்குங்கறான்.

பதில்: இது மேல பேசின திட்டு இல்ல, கண்ணுக்குள்ளயே ரத்தம். இப்பவே எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, 1819லேர்ந்து கண்ணுக்குன்னே நடக்குற எடம். கண்ண அழுத்தாதீங்க, சொட்டு மருந்து எதுவும் ஊத்தாதீங்க, வலிக்குதுன்னு ஆஸ்பிரின் குடுக்காதீங்க, படுக்க வைக்காம தலைய உசத்தி உக்கார வெச்சே கூட்டிட்டுப் போங்க. வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பாத்தா கூசுறது, அடிபட்டது, இதுல எது இருந்தாலும் யாருக்கா இருந்தாலும் அன்னிக்கே போகணும்.