பெல்ட் போட்டும் குழந்தை சறுக்கினால் இருக்கையை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்க பாப்பாவுக்கு அஞ்சு வயசுங்க, மூளை முடக்குவாதம். கோபியில ஆசாரிகிட்டச் சொல்லி மர நாற்காலி செஞ்சோம். இடுப்புப் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சறுக்கி முன்னால வந்துர்றா. பெல்ட் வயித்துக்கு ஏறிக்குது. என்ன பண்றதுங்க?

பதில்: பெல்ட்டை இனி இறுக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் இருக்கைப் பலகையின் நீளத்தில்தான் இருக்கும். பாப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை இரண்டு காலுக்கும் அளவெடுங்கள். குறைந்த அளவில் 3 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள், 28 என்றால் பலகை 25 செ.மீ. போதும். அதற்கு மேல் நீண்டால் விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கும், புட்டம் சாய்மானத்தைத் தொடாது. இடுப்பு பின்பக்கம் உருண்டு, முதுகு கூனி, பிள்ளை சறுக்கத்தான் செய்யும். "வளர்ற புள்ள, பெருசாவே செஞ்சுக்கலாம்" என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான் பல வீடுகளில் வினையாகிறது. சாய்மானத்துக்குப் பின்னால் மரக்கட்டை வைத்து முன்னால் நகர்த்தி போல்ட் போடச் சொல்லுங்கள். வளர வளரக் கட்டையைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கால்பலகை. தொடையின் பின்தசை இறுகிய பிள்ளைக்குக் கால் முன்னால் நீண்டிருந்தால் அந்தத் தசையே இடுப்பை முன்னுக்கு இழுத்துவிடும். பாதம் முழங்காலுக்கு நேர் கீழே, முழுதாகப் படிய வேண்டும்.

இவ்வளவும் செய்து இன்னும் சறுக்கினால், இருக்கையின் முன்பாதியில் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு ஒட்டி ஒரு படி உண்டாக்குங்கள். படி, உட்காரும் எலும்புகளுக்கு (புட்டத்தின் அடியில் கைக்குத் தட்டுப்படும் இரண்டு எலும்புகள்) முன்னால்தான் தொடங்க வேண்டும்; எலும்பு அதன்மேல் ஏறினால் புண்ணாகும். விளிம்பை இழைத்து உருட்டிவிடுங்கள். கால்பலகையையும் 2.4 செ.மீ. உயர்த்த மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் கால் அந்தரத்தில் தொங்கும்.

பெல்ட்டை இருக்கையும் சாய்மானமும் சேரும் மூலையில் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். அது தொடை மடிப்பில் படிந்து, கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். எலாஸ்டிக் நாடா கூடாது, நீண்டு கொடுத்துவிடும். ரெக்சின் உறை வழுக்கும், வேர்க்கும். ஈரத்துக்காக அது தேவைதான், மேலே கனமான பருத்தி பனியன் துணியில் கழற்றித் துவைக்கிற உறை போடுங்கள். கால்களுக்கு நடுவே வைக்கும் கட்டை தொடைகளை விலக்கி வைக்க மட்டுமே. சறுக்கலைத் தடுக்க அதை ஒட்டி வைத்தால் இடுக்கில் அழுத்தும். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

முதல் சில நாள் 20 நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம். இறக்கியதும் புட்டம், முழங்கால் மடிப்பு, தொடை மடிப்பு மூன்றையும் பாருங்கள். அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையவில்லை என்றால் அங்கே அழுத்துகிறது. கால்களை அகட்டும்போது பாப்பா அழுதால் மரவேலையை நிறுத்திவிட்டு, முதலில் எலும்பு மருத்துவரிடம் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மூட்டு விலகியிருந்தால் இந்த அளவுகள் பொருந்தாது.