எஸ்பொசித்தோ யார் வீட்டுப் பிள்ளை?

(வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையின் ஓய்வுபெற்ற பிறப்பு இறப்புப் பதிவாளர் பதில் எழுதும் பக்கம்)

கேள்வி: பதிவாளர் ஐயா, என் மகள் ரொறன்ரோவில் தாதியாக இருக்கிறாள். கூட வேலை செய்யும் பெடியன் ஒருவரை விரும்புகிறாள். அவர் கனடாவில் பிறந்தவர், பாட்டனார் இத்தாலியில் இருந்து போனவராம். குடும்பப் பெயர் எஸ்பொசிற்றோ. எங்களுக்குச் சம்மதம். ஆனால் என் மாமியாரிடம் யாரோ, 'அது தெருவில் போட்ட பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்' என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக மனுசி முகங்கொடுத்துக் கதைக்கிறா இல்லை. உண்மை என்ன? கலியாணத்துக்குப் பிறகு மகள் அந்தப் பெயரை எடுக்கத்தான் வேண்டுமா? அழைப்பிதழில் தமிழில் எப்படிப் போடுவது?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, மாமியிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அரைவாசியைச் சொல்லியிருக்கிறார். மற்ற அரைவாசிக்கு எனக்கு இந்தப் பக்கம் முழுவதும் வேண்டும். ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேப்பிள்ஸ் நகரத்தில் ஃபோர்செல்லா என்று நெரிசலான ஒரு பழைய பகுதி. அங்கே அன்னுன்சியாத்தா என்று ஒரு கோயிலும் அதோடு ஒட்டிய இல்லமும். நம் கத்தோலிக்கர் சொல்லும் மங்கள வார்த்தை மாதாவின் பெயர்தான் அது. அந்த இல்லத்தின் சுவரில் ஒரு துளை, துளைக்குள் மரத்தால் செய்த உருளை ஒன்று. பீப்பாயைக் குடைந்தது போல இருக்கும். ஊர் அடங்கிய பிறகு ஒருத்தி வருவாள். பிள்ளையை உருளைக்குள் கிடத்தி, உட்பக்கம் திருப்பிவிட்டுப் போய்விடுவாள். உள்ளே காவலிருக்கும் பெண் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டுவாள். வெளியே நின்றவள் யார் என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது, அதற்காகத்தான் அந்த உருளையே. வறுமையில் வைத்தவர்கள் இருந்தார்கள், கலியாணம் ஆகாமல் பெற்றுவிட்டு வைத்தவர்கள் இருந்தார்கள், தாய் செத்துப்போய்த் தகப்பன் கொண்டுவந்து வைத்ததும் உண்டு.

லத்தீனில் 'எக்ஸ்பொசித்துஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்ட பிள்ளை. அதுதான் நேப்பிள்ஸ் மக்கள் வாயில் எஸ்பொசித்தோ ஆனது. மாமியிடம் இதை ஒருக்கால் சொல்லிப் பாருங்கள்: இந்தப் பெயர் அநேகமாகத் தெருவில் போட்ட பிள்ளைக்குக் கிடைத்ததல்ல. கை நீட்டி வாங்க ஆள் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்த பிள்ளைக்குத்தான் கிடைத்தது.

இனி என் தொழில் பக்கம். பிள்ளை உள்ளே வந்ததும் ஓர் எழுத்தர் பேரேட்டைத் திறப்பார். எத்தனை மணிக்கு வந்தது, ஆணா பெண்ணா, பார்வைக்கு எத்தனை நாள் பிள்ளை, என்ன துணி சுற்றியிருந்தது, கழுத்தில் கையில் ஏதாவது இருந்ததா, எல்லாம் எழுதுவார். சில தாய்மார் பாதியாக வெட்டிய பதக்கம் ஒன்றைப் பிள்ளையோடு கட்டிவிட்டு மறு பாதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள், என்றாவது காலம் திரும்பினால் வந்து காட்டிப் பிள்ளையை மீட்கலாம் என்று. சீட்டுக்கட்டின் ஒரு சீட்டைக் கிழித்துப் பாதி வைத்தவர்களும் உண்டு. இல்லத்தின் பங்குக்கு ஈயத்தில் முத்திரை போட்டு நூலில் கோர்த்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டினார்கள், பாலூட்டும் பெண்களிடம் அனுப்பும்போது ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக. முப்பது வருசம் பேரேடு எழுதியவன் என்றபடியால் சொல்கிறேன், இவ்வளவு கவனமான பதிவு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடக் கிடைத்திருக்காது.

புளோரன்ஸ் நகரத்தில் இதே போன்ற இல்லம் ஒன்று, 'அப்பாவிகள்' என்று பொருள்படும் இன்னொச்செந்தி. கட்டடத்தை வரைந்தவர் புருனெலெஸ்கி. அங்கே முதலாவதாக வந்து சேர்ந்த பிள்ளையின் பெயர் ஆகத்தா ஸ்மெரால்டா, நாள் 1445 பெப்ரவரி 5. அன்று புனித ஆகத்தாவின் திருநாள், அதுதான் அந்தப் பெயர். அந்த இல்லத்துப் பிள்ளைகள் இன்னொச்செந்தி என்று பெயர் கொண்டார்கள். ரோமாபுரிப் பக்கம் புரொயெத்தி. பொலோஞாவில் தெலி எஸ்பொஸ்தி. ஊருக்கு ஊர் பெயர் வேறு, பின்னால் இருக்கும் சங்கதி ஒன்று.

நெப்போலியனின் தங்கை புருசன் மூரா 1808இல் இருந்து 1815 வரை நேப்பிள்ஸின் அரசராக இருந்தார். அவர் காலத்தில்தான், எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஒரே பெயரைக் குத்தி அனுப்பும் வழக்கத்துக்குத் தடை வந்தது. பெயரே பிறப்பைக் காட்டிக் கொடுக்கிறது என்ற நியாயம். ஆனால் அதற்கு முன் பெயர் வாங்கியவர்கள் கலியாணம் செய்து பிள்ளை பெற்றுப் பெருகியாயிற்று. உருளை 1875இல் மூடப்பட்டது. சுவரில் அந்தத் துளையை இன்றும் போய்ப் பார்க்கலாமாம்.

அதனால், எஸ்பொசித்தோ என்பது ஒரு குடும்பம் அல்ல. ஒரு மூதாதையில் இருந்து கிளை பிரிந்த பெயராக இருந்தால் இரண்டு எஸ்பொசித்தோக்கள் சந்திக்கும்போது 'நீ எந்தக் கிளை' என்று கேட்கலாம். இங்கே பேரேட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு புது மூதாதை. நேப்பிள்ஸில் இன்று இந்தப் பெயர்தான் முதலிடம், இத்தாலி முழுவதற்கும் பார்த்தாலும் முன்வரிசை. அவர்களில் பெரும்பாலானோர் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாதவர்கள் என்றால் நம் ஊரில் நம்புவார்களா?

வெளிநாடு போன கதை நம்முடையதைப் போலத்தான். இத்தாலி ஒரே நாடானது 1861இல். தெற்கில் நிலம் சிலர் கையில், வரி எல்லார் தலையிலும். நீராவிக் கப்பலும் மலிவானது. 1876இல் இருந்து முதலாம் உலகப் போர் வரைக்கும் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் வெளியே போனார்கள். 1913இல் மாத்திரம் எட்டு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். தெற்கத்தியருக்கு வாசல் நேப்பிள்ஸ் துறைமுகம்தான். அந்த ஊர்ப் பெயர் கப்பல் ஏறாமல் வேறு எது ஏறும்?

ஆர்ஜென்ரீனாவுக்குப் போனவர்கள் அங்கே ஒரு குழப்பத்தில் மாட்டினார்கள். ஸ்பெயினிலும் இதே வழக்கம், இதே அர்த்தம், 'எக்ஸ்பொசித்தோ' என்று. புவெனஸ் அயரஸ்காரர் ஒருவர் இந்தப் பெயரோடு வந்தால் நேப்பிள்ஸ் வழியா ஸ்பெயின் வழியா என்று பழைய தாள்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் 1892இல் திறந்த எல்லிஸ் தீவு வழியாக இறங்கினார்கள். 'அங்கே இருந்த எழுத்தர் கண்டபடி பெயரை மாற்றிவிட்டார்' என்று ஒரு கதை உலகம் முழுவதும் உலவுகிறது. என் இனத்தானுக்காக நான் இங்கே வாதாட வேண்டும். எல்லிஸ் தீவில் எழுத்தர்கள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறையிலேயே எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர்கள் மாறியது பிறகு, பள்ளிக்கூடத்திலும் வேலைத்தலத்திலும், அநேகமாக அவர்கள் சொந்த விருப்பத்திலும். எந்த நாட்டிலும் பிழை என்றால் கிளாக்கர் தலையில்தான் விடியும்.

உங்கள் மருமகன் பக்கத்து வழி கனடா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியர்கள் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் இறங்கி ரயிலேறி ரொறன்ரோ வந்தார்கள். சீமெந்து, செங்கல், சுரங்கக் குழாய் வேலை. 1960 மார்ச் 17ஆம் திகதி ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்தில் நிலத்துக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்த ஐந்து இத்தாலியர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்ராறியோவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் இறுகின. முதலில் நகரத்துக்குள் நெருக்கியடித்து இருந்தவர்கள் கையில் காசு சேர்ந்ததும் வூட்பிரிட்ஜ் பக்கம் வீடு கட்டிப் போனார்கள். நம் ஆட்கள் ஸ்காபரோவில் இருந்து மார்க்கம் போனது மாதிரி.

கனடாவில் இந்தப் பெயரைக் கேட்டால் யாரும் அநாதை இல்லத்தை நினைக்க மாட்டார்கள். பில் எஸ்பொசித்தோவை நினைப்பார்கள். சூ செயின்ற் மரி என்ற இரும்பாலை நகரத்தில் 1942இல் பிறந்த ஐஸ் ஹொக்கி வீரர். 1970-71 பருவத்தில் 76 கோல் போட்டவர். தம்பி டோனி கோல் காப்பாளர், அண்ணன் அடிக்க இவர் தடுப்பார். நடிகர் ஜியான்கார்லோ எஸ்பொசித்தோ இன்னும் விசேஷம்: தகப்பன் நேப்பிள்ஸ்காரர், தாய் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி, பிள்ளை பிறந்தது கோப்பன்ஹேகனில்.

இனி மாமியின் மனக்குறை. அதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். கந்தோரில் நான் எழுதிய பிறப்புப் பதிவிலும் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா' என்று ஒரு கட்டம் இருந்தது. தகப்பன் பெயரை எழுதவும் ஒரு கட்டம். சில பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பேனையால் ஒரு கோடு இழுப்பேன். கோட்டை இழுக்க ஒரு விநாடி போதும். இருபது வருசம் கழித்து அந்தப் பிள்ளை ஒருவர் பாஸ்போட்டுக்குப் பிரதி எடுக்க வந்தார். தாளைக் கையில் வாங்கியவர் வேறு எதையும் வாசிக்கவில்லை. பெருவிரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து மூடிக்கொண்டே முத்திரைக் காசை எண்ணித் தந்தார். என் கையெழுத்து என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இத்தாலியிலும் அப்படித்தான் இருந்தது. தகப்பன் தெரியாவிட்டால் அடையாளத் தாளில் 'என்.என்.' என்று இரண்டு எழுத்து போடுவார்கள். வேலை கேட்டுப் போனாலும் பள்ளிக்கூடம் போனாலும் அந்த இரண்டெழுத்து முன்னுக்குப் போகும். 1955இல் சட்டம் போட்டு, அன்றாடத் தாள்களில் பெற்றோர் பெயர் கேட்பதையே நிறுத்தினார்கள்.

உங்கள் மருமகனின் பெயர் சொல்வது ஒரு பிள்ளையைப் பற்றி மாத்திரம். அவரில் இருந்து எட்டுப் பத்துத் தலைமுறைக்கு அப்பால் ஒரு பிள்ளை. நடுவில் உள்ள அத்தனை பேரும் தாய் தகப்பன் அறிய வளர்ந்தவர்கள்தான். இன்னொன்றும் சொல்கிறேன், மாமி காதில் போடுங்கள். உங்கள் மகளின் கனேடியத் தாள்களில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கும்? அநேகமாக உங்கள் வீட்டுக்காரரின் பெயர். அந்தப் 'பரம்பரைப் பெயருக்கு' வயது ஒரு தலைமுறை. எஸ்பொசித்தோவுக்குக் குறைந்தது இருநூறு வருசம். பழமை பார்த்துச் சம்பந்தம் செய்வதென்றால் அவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

பெயரை எடுக்க வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. ஒன்ராறியோவில் அது பெண்ணின் விருப்பம். இத்தாலியிலேயே பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள்.

அழைப்பிதழில் 'எஸ்பொசிற்றோ' வேண்டாம், அது கனடாக்காரர் வாய். அவர்கள் 'சி'யை அழுத்துவார்கள். இத்தாலியர் அழுத்துவது 'பொ'வை, கடைசி எழுத்தும் நம் 'த்தோ' மாதிரிப் பல்லில் நாக்குப் பட்டுத்தான் வரும். எஸ்பொசித்தோ என்று போடுங்கள். பாட்டனார் உயிரோடு இருந்தால் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவருக்கு விளங்கும்.

கேள்வி: இத்தாலியில் கொலம்போ என்றும் குடும்பப் பெயர் உண்டாமே? நம் கொழும்புக்கு அந்தப் பெயர் கொலம்பஸால் வந்ததா?
– ஒரு மாணவர், மூதூர்

பதில்: பெயர் உண்டு தம்பி, மிலான் பக்கம் மலிந்து கிடக்கிறது. கொலம்போ என்றால் புறா. புறா வளர்த்தவர், விற்றவர், சாதுவானவர் என்று பல வழியில் அந்தப் பெயர் வந்திருக்கலாம். மிலான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் சின்னமும் புறாதான், 1456இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. அங்கே விடப்பட்ட பிள்ளைகளும் கொலம்போ ஆனார்கள். பார்த்தீர்களா, மேலே சொன்ன அதே கதை.

நம் கொழும்புக்கும் இதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை. இபன் பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்து 'கலன்பு' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். கொலம்பஸ் பிறந்தது 1451இல்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெயர் பெரேரா. போர்த்துக்கேயம் என்கிறார்கள். இது இத்தாலியிலும் இருக்கிறதா?
– ஒரு வாசகர், பாலையூற்று

பதில்: பேரி மரம் என்று அர்த்தம், போர்த்துக்கேயம்தான். இத்தாலியில் முன்பு அவ்வளவாக இல்லை, இப்போது இருக்கிறது. கொண்டுபோனவர்கள் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள். இத்தாலியில் இலங்கையர் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள், நேப்பிள்ஸில் வாழும் வெளிநாட்டவரில் நம் நாட்டவர் பெரும் பங்கு. அன்னுன்சியாத்தா சுவரில் இருந்து நடந்துபோகிற தூரத்தில் கருவாடும் தேயிலையும் விற்கும் கடைகள். அந்த ஊர் மாநகரப் பதிவேட்டில் இப்போது எஸ்பொசித்தோவுக்குப் பல பக்கங்கள் தள்ளிப் பெரேரா இருப்பார். எழுத்துக்கூட்டுப் பிழைக்காமல் எழுதுகிறார்களோ என்னவோ.