ஆலோசகராக இருந்து தொண்டுக்கு: கேள்வி பதில்

தொண்டு நிறுவனக் கணக்குவழக்கோடு காலம் தள்ளியவன் என்பதால், அரசியல் ஆலோசகர் வேலையை விட்டுத் தொண்டுக்கு வர நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னைப் பிடித்து இருத்தியிருக்கிறார்கள். விசா விஷயம் கேட்க வேண்டாம்.

அமைச்சர் ஒருவரின் இணைப்புச் செயலாளராக இருந்தேன். தொண்டு நிறுவனம் தொடங்கிப் பத்திரிகையில் பத்தியும் எழுத விருப்பம். இந்த வழியில் யாரும் போயிருக்கிறார்களா ஐயா? (நல்லூர்)

இங்கிலாந்தில் டேனி குரூகர் என்று ஒருவர். டெலிகிராப் பத்திரிகையில் எழுதியவர், பின்னாளில் பிரதமரான டேவிட் கமரூனுக்கு உரை எழுதிக் கொடுத்தவர். வழிதவறும் பையன்களைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள் என்ற தொனியில் 2006இல் கமரூன் பேசியது அவர் எழுதியதுதான். 'ஹூடி (தலையை மூடும் மேற்சட்டை) போட்டவனைக் கட்டிப்பிடி' என்று ஊரே கிண்டலடித்தது. ஆனால் மனைவியோடு சேர்ந்து 'ஒன்லி கனெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கி, சிறைக்கைதிகளோடு நாடகம் போட்டார். மேடைப் பேச்சுக்கு எழுதிக் கொடுத்ததைக் கையால் செய்தும் பார்த்தார், அது எனக்குப் பிடிக்கும். பிறகு 2019இல் எம்.பி.; 2025இல் கட்சியும் மாறிவிட்டார். அதனால்தான் சொல்கிறேன், தம்பி: இந்தப் பாதை திரும்பியும் அரசியலுக்கே போகும். உங்கள் நன்கொடையாளருக்கும் அது தெரியும்.

சிபாரிசுக் கடிதம் எழுதிப் பழகிய கைக்குத் தொண்டு வேலை சிரமம். பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பதென்றால் மூன்று கடையில் விலைக்கோரல், கையேற்றதற்குக் கையொப்பம், வவுச்சர், பிறகு கணக்காய்வு. அமைச்சரின் தொலைபேசி அழைப்பு அங்கே செல்லாது.

பதிவு எங்கே செய்வது? (சாவகச்சேரி)

ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் வேலை என்றால் பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள். தேசிய மட்டம் என்றால் தன்னார்வ அமைப்புகளைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் பங்கு வழங்காத உத்தரவாதக் கம்பனியாகவும் தொடங்கலாம்.

நம்மவர்களில் உதாரணம் இல்லையா? நீலன் திருச்செல்வம் ஆலோசகரா, அரசியல்வாதியா? (கொக்குவில்)

இரண்டும்தான். சட்டத்தரணியான அவர் 1982இல் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தைத் தொடங்கினார். 1994இல் பாராளுமன்றம் போனார். 'தீர்வுப்பொதி' என்று சொல்லப்பட்ட அதிகாரப் பகிர்வு யோசனைகளை வரைந்ததில் அன்றைய அமைச்சர் ஜி.எல். பீரிஸோடு முக்கிய பங்கு அவருடையது.

அந்தத் தீர்வுப்பொதியால் எங்களுக்கு என்ன கிடைத்தது? அவரை உதாரணம் காட்டலாமா? (கோண்டாவில்)

ஒன்றும் கிடைக்கவில்லை. 2000 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்த வரைவு அப்படியே நின்றுபோனது. வரைந்தவரை 1999 யூலை 29இல் கொழும்பில் கொன்றுவிட்டார்கள். பொதியோடு சண்டை பிடியுங்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் கட்சி, ஆராய்ச்சி, சட்டம் மூன்றிலும் தன் பெயரைப் போட்டே எழுதினார். இன்று ஊர்ப் பத்திரிகைகளில் புனைபெயரில் எழுதும் ஆலோசகர்களைவிட அது மேல்.

நீலன் அந்தப் பொதியை வரைந்தது துரோகம் என்கிறவர்களுக்கு என்ன பதில்? (கொக்குவில், மறுபடியும்)

இதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். விடுவோம்.

பதிவு எங்கே செய்வது? (பருத்தித்துறை)

மேலே இருக்கிறது.

பத்தியில் என்ன கவனிக்க வேண்டும்? (மானிப்பாய்)

இதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: யாருக்கு வேலை செய்தீர்கள், இப்போது எந்த நிறுவனத்தை நடத்துகிறீர்கள் என்பதைப் பத்தியின் அடியில் போடுங்கள். உங்கள் செயற்திட்டத்துக்குக் காசு கொடுத்தவரைப் பாராட்டிப் பத்தி எழுத வேண்டாம்.

சம்பளம் வருமா? (வட்டுக்கோட்டை)

பத்திக்கு வராது.

பதிவுக்கு எவ்வளவு நாள்… (நெல்லியடி)

பிள்ளை, செயலகத்தில் கேளுங்கள்.