ஜெனீவாவும் குடியாத்தமும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

புகையிலைக் கட்டுப்பாட்டுக்காக உழைக்கும் அமைப்புகள் நாட்டு எல்லைகளைக் கடந்து கைகோர்ப்பது குறித்து, பழைய வட ஆற்காடு பகுதியிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு சிகரெட் விற்பதைத் தடுக்க உள்ளூர் அதிகாரி ஒருவர் போதும். அதற்கு ஜெனீவாவிலும் பனாமாவிலும் மாநாடு எதற்கு? (கல்லூரி ஆசிரியர், காட்பாடி)

பதில்: பெட்டிக்கடை அளவில் தாங்கள் சொல்வது சரிதான். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டின் நம் நாட்டுச் சட்டமே தடை செய்கிறது. அதை நடைமுறைப்படுத்த, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையிடமான ஜெனீவாவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. ஆனால் அந்த சிகரெட்டைத் தயாரிக்கும் தொழில் பல நாடுகளில் ஒரே சமயத்தில் இயங்குகிறது. ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் தோற்ற வாதத்தை இன்னொரு நாட்டின் அமைச்சகத்தில் புதிதுபோல் முன்வைக்கிறது. எதிரில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாதவரை அந்த உத்தி பலிக்கும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் சிகரெட் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு 1998இல் சமரசத்தில் முடிந்தபோது, நிறுவனங்களின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கான பக்கங்களாகப் பொதுவெளிக்கு வந்தன. தங்கள் நாட்டைப் பற்றி அந்த நிறுவனங்கள் தமக்குள் என்ன எழுதிக்கொண்டன என்பதைப் பிற நாட்டு ஆர்வலர்களும் அதன் பிறகே படிக்க முடிந்தது. மறு ஆண்டிலேயே பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டணியை அமைத்தன. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான கட்டமைப்பு உடன்படிக்கையை அரசுகள் பேசி உருவாக்கிய காலத்தில், இந்தக் கூட்டணி பிரதிநிதிகளுக்குச் செய்தி மடல் ஒன்றை விநியோகித்தது. உறுதியாகப் பேசிய நாட்டுக்கு ஆர்க்கிட் மலர் விருது, நிறுவனங்களுக்கு வசதியாகப் பேசிய நாட்டுக்கு அழுக்குச் சாம்பல் கிண்ண விருது! விளையாட்டுப்போல் தோன்றினாலும், தன் நாட்டின் பெயர் சாம்பல் கிண்ணத்தோடு அச்சாவதை எந்தத் தூதர்தான் விரும்புவார்? அந்த உடன்படிக்கையை 2003 மே 21 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. 2004 பிப்ரவரியில் இந்தியா உறுதி செய்தது. 2005 பிப்ரவரி 27 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

சிகரெட் பெட்டியின் மீதுள்ள படமும் இப்படி நாடு நாடாக நடந்து வந்ததே. கனடா 2001இல் பட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2012 டிசம்பரில் நிறுவனங்களின் வண்ணங்களையே பெட்டியிலிருந்து அகற்றியது. இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் 85 விழுக்காட்டை எச்சரிக்கை நிரப்புகிறது. முன்னே சென்ற நாட்டின் அனுபவம் பின்னே வரும் நாட்டுக்குச் சான்றாகிறது. அந்தச் சான்றைக் கைமாற்றிக் கொடுப்பதே இந்தக் கூட்டணிகளின் முதன்மையான பணி.

கேள்வி: சிறிய நாடு ஒன்று பெரிய சிகரெட் நிறுவனத்தை வழக்கில் வென்றதாகப் படித்தேன். எப்படி முடிந்தது? (சட்ட மாணவி, வேலூர்)

பதில்: தாங்கள் படித்தது உருகுவே பற்றியதாக இருக்க வேண்டும். ஏறத்தாழ முப்பத்து நான்கு லட்சம் மக்களே வாழும் அந்த நாடு, பெட்டியின் 80 விழுக்காட்டில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றும், ஒரு வணிகப் பெயரில் ஒரே ஒரு வகை சிகரெட்டை மட்டுமே விற்கலாம் என்றும் விதி செய்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த தபாரே வாஸ்கெஸ் ஒரு புற்றுநோய் மருத்துவர். பிலிப் மோரிஸ் நிறுவனம் 2010இல், சுவிட்சர்லாந்துக்கும் உருகுவேக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, சர்வதேசத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டது. சுகாதார விதியை முதலீட்டுப் பறிப்பாகச் சித்திரித்த வாதம் அது. வென்றிருந்தால் சிறிய நாடுகள் பலவும் அத்தகைய விதி செய்யவே அஞ்சியிருக்கும்.

வழக்குச் செலவுக்கு அமெரிக்கச் செல்வந்தர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளை கைகொடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் உடன்படிக்கையின் செயலகமும் தீர்ப்பாயத்தில் எழுத்துமூலம் கருத்துரை தாக்கல் செய்தன. 2016 ஜூலையில் நிறுவனத்தின் கோரிக்கைகள் அனைத்தும் தள்ளுபடியாயின. உருகுவேயின் செலவுக்காக அந்நிறுவனம் 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. சட்டம் படிக்கும் தாங்கள் கவனிக்க வேண்டியது, உடன்படிக்கையில் எழுதப்பட்ட வாசகம் வழக்கில் எப்படி ஆயுதமாயிற்று என்பதை.

கேள்வி: பத்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறேன். என் மருமகளும் அதைத்தான் செய்கிறாள். பீடியை ஒழிக்க வெளிநாட்டார் கூடிப் பேசுகிறார்கள் என்கிறீர்கள். எங்கள் வயிற்றுக்கு யார் வழி சொல்வார்கள்? (பீடித் தொழிலாளி, குடியாத்தம்)

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசும் எந்தக் கூட்டணியும் அரைக் கூட்டணிதான். உலக அளவிலான இயக்கம் சிகரெட்டை மனத்தில் வைத்தே வளர்ந்தது. நம் நாட்டில் நிலைமை வேறு: 2016–17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் சிகரெட் புகைப்பவர் 4.0 விழுக்காடு, பீடி புகைப்பவர் 7.7 விழுக்காடு. அந்தப் பீடியைச் சுற்றுவோர் நாடு முழுவதும் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்கு உழைக்கும் பெண்கள். தூளின் நெடியையும் கழுத்து வலியையும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கவனம் வட ஆற்காட்டுப் பீடியின் மீது விழாமல் இல்லை. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட மனித உரிமை அமைப்பு ஒன்று 1996இல் வெளியிட்ட அறிக்கை, முன்பணத்துக்கு ஈடாக இங்கே பிள்ளைகள் பீடிக்கு அடகு வைக்கப்பட்டதை உலகுக்குச் சொன்னது. 1999இல் அமெரிக்கச் சுங்கத்துறை, குழந்தை உழைப்பைக் காரணம் காட்டி, மங்களூரு நிறுவனம் ஒன்றின் பீடியை நாட்டுக்குள் விட மறுத்தது. பிள்ளைகளுக்காக எழுந்த அந்தக் குரல் தேவையானதே. ஆனால் பிள்ளையை முறத்தடியில் உட்கார வைத்த தாயின் கூலி அதே வேகத்தில் பேசப்படவில்லை என்பது என் குறை.

தங்களுக்கான வாசகம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் கட்டுப்படியாகும் மாற்று வாழ்வாதாரத்தை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. 18ஆம் பிரிவு, அவர்களின் உடல்நலத்தைக் காக்கச் சொல்கிறது. 2014இல் மாஸ்கோவில் கூடிய உடன்படிக்கை நாடுகளின் மாநாடு இதற்கான வழிமுறைகளையும் ஏற்றுக்கொண்டது. கென்யாவின் மிகோரி பகுதியில் 2022 முதல், அந்நாட்டு அரசும் ஐக்கிய நாடுகள் சபையின் மூன்று அமைப்புகளும் சேர்ந்து, புகையிலை விவசாயிகளை இரும்புச்சத்து மிகுந்த பயறுக்கு மாற்றி வருகின்றன. அங்கே விதையும் பயிற்சியும் மட்டும் கொடுக்கவில்லை. விளைந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. நம் ஊரில் தையல் இயந்திரம் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகும் திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கடைசி அம்சத்தில்தான் இருக்கிறது. தைத்ததை யார் வாங்குவார், வாரக் கூலி யார் தருவார், வருங்கால வைப்பு நிதி தொடருமா என்பதற்கு விடை இல்லாமல் எந்தப் பெண்ணும் முறத்தை இறக்கி வைக்க மாட்டார். இறக்கச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் உண்டு. பீடியின் மீதிருந்த தொழிலாளர் நல வரி, சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017இல் நீக்கப்பட்டது. கல்வி உதவித்தொகையும் மருத்துவ உதவியும் அந்த வரிப் பணத்தில்தான் நடந்துவந்தன. 2025 செப்டம்பரில் பீடி மீதான வரியை 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்க முடிவு செய்யப்பட்டது. இத்தகைய சலுகைகளை முதலாளிகள் எப்போதும் தொழிலாளர்களாகிய உங்கள் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். வரி குறைந்ததால் ஆயிரம் பீடிக்கான கூலி உயர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வரியைக் குறைக்காமல், அந்த வருவாயில் ஒரு பங்கைத் தொழிலாளர் மாற்றுத் தொழிலுக்கு ஒதுக்கச் சொல்வதே நியாயம்.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு உள்நாட்டுத் தொழிலை அழிக்கும் வேலைதானே இது? (வணிகர், வாணியம்பாடி)

பதில்: பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது முறையான கேள்வி, ஆனால் இரு பக்கமும் கேட்க வேண்டும். ப்ளூம்பெர்க் அறக்கட்டளை 2006 முதல் வெளிப்படையாகவே நிதி தருகிறது. மறுபுறம், இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யின் மிகப் பெரிய பங்குதாரர் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, அரசு நிறுவனமான எல்.ஐ.சி.யும் கணிசமான பங்கு வைத்திருக்கிறது. அரசின் கொள்கை முடிவில் புகையிலை நிறுவனங்களின் நலன் தலையிடக் கூடாது என்னும் உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு எவ்வளவு கடினமானது என்பது இதிலேயே தெரியும். மேலும், 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்படி, நிதி பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. எனவே வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ உள்ள சிறு சங்கத்துக்கு டெல்லி வழியாக டாலர் வந்து சேர்கிறது என்ற கற்பனைக்கு இன்று இடமில்லை. அதனால் நல்ல வேலையும் சில இடங்களில் நின்றுபோயிற்று என்பது வேறு விஷயம்.

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு இந்தக் கூட்டணிகளோடு எப்படித் தொடர்பு கொள்வது? (குழுத் தலைவி, பேர்ணாம்பட்டு)

பதில்: மாநாட்டுக்குப் பயணச்சீட்டு தேட வேண்டாம். உடன்படிக்கையில் சேர்ந்த அரசுகள் தாங்கள் செய்ததைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அறிக்கையாகத் தர வேண்டும்; அந்த அறிக்கை விட்டுவிடுவதை எடுத்துக்காட்ட, தன்னார்வ அமைப்புகள் தம் அறிக்கையைத் தருவதும் வழக்கம். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காதது ஊர்ச் சான்று. உறுப்பினர்கள் வாரந்தோறும் எத்தனை ஆயிரம் சுற்றினார்கள், எவ்வளவு கழிக்கப்பட்டது, கையில் வந்த கூலி எவ்வளவு, அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதை ஒரே நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். பள்ளிக்கு அருகிலுள்ள கடைகளின் விளம்பரப் பலகைகளையும் படம் எடுத்து இடத்தோடு குறித்து வையுங்கள். ஆறு மாதப் பதிவு சேர்ந்ததும் தொழிற்சங்கத்துக்கு ஒரு படியும், மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஒரு படியும் கொடுத்துவிட்டு, மூன்றாவது படியை எங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்பினால், அதை எடுத்துச் செல்லக்கூடிய அமைப்புகளிடம் சேர்ப்பிக்கிறோம். உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். இலையும் தூளும் கொடுப்பவரிடமே அவர்கள் மறுநாளும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.