நல்ல ஜாதி நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு 220 ரூபாய் தகுமா?

கேள்வி: வீட்டுத் தேவைக்குப் பத்துச் சிறுவிடைக் கோழி (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) வளர்க்க ஆசை. தாய்க்கோழி வைத்து வளர்ப்பவர் இரண்டு மாதக் குஞ்சுக்கு 220 ரூபாய் சொல்கிறார். வண்டியில் வருபவர் ஒரு நாள் குஞ்சு 40 ரூபாய் என்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதை வாங்கலாம்?

பதில்: 220 ரூபாய்க் குஞ்சையே வாங்குங்கள். நான் இரண்டையும் வாங்கி வளர்த்தவன். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் வீட்டுப் புழக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை நானும் வண்டியில் வந்த குஞ்சுகளைத்தான் வாங்கினேன். 50 குஞ்சு, 2000 ரூபாய். ‘அசல் நாட்டுக்கோழி’ என்றுதான் விற்றார்கள். ஒரு மாதத்துக்குள் 19 செத்துப்போயின. பாதி குளிரில், பாதி வெள்ளைக்கழிச்சல் நோயில். மிஞ்சியவற்றில் பாதிக்கு மேல் சேவல்கள். ஒரு நாள் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடியாதே. கடைசியில் 13 பெட்டைகள் தேறின. ஐந்தாம் மாதமே முட்டையிட ஆரம்பித்தன, பெரிய பெரிய முட்டைகள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. முட்டையைப் போட்டுவிட்டு எழுந்து மேயப் போய்விடும். மாதக்கணக்கில் காத்திருந்தேன். அப்புறம்தான் விவரம் புரிந்தது. அவை முட்டைக்காகவும் கறிக்காகவும் பண்ணையில் கலந்து உருவாக்கிய கோழிகள். வனராஜா, கிராமப்பிரியா மாதிரியான கோழிகள் இந்த வகைதான். அவை மோசமான கோழிகள் இல்லை, முட்டை நிறையத் தரும். ஆனால் வருடத்துக்கு நூறு முட்டைக்கு மேல் இட வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பெருக்கும்போது, அடை உட்காரும் குணம் போய்விடும். அடையில் இருக்கும் நாளெல்லாம் கோழி முட்டையிடாதே! கடைசியில் 6000 ரூபாய் கொடுத்து முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்று வாங்கினேன். மின்சாரம் போகும் நாளில் அதுவும் கைகொடுக்கவில்லை.

இரண்டாவது தடவை தாராபுரம் பக்கம் ஒரு அக்காவிடம் போனேன். நான் விலை கேட்டதும், “மொதல்ல தாயைப் பாருங்க தம்பி, அப்பறம் வெலை பேசிக்கலாம்” என்று கூட்டிப்போனார். கொட்டகை மூலையில் பழைய மூங்கில் கூடையில் வைக்கோல் போட்டு ஒரு கறுப்புச் சிறுவிடைக் கோழி அடையில் இருந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனதும் உடம்பெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகி, உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. அக்கா பயப்படாமல் அடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து, செல்போன் டார்ச்சின் மேல் வைத்துக் காட்டினார். எட்டாம் நாள் முட்டை. உள்ளே சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. இப்படி நரம்பு ஓடாமல் வெறுமனே வெளிச்சம் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுவார். திரும்ப உள்ளே வைத்ததும் கோழி அதை அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு நான் விலை பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த அக்காவுக்கு ஆகும் செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு அடைக்கு 15 முட்டை, முட்டை 15 ரூபாய் என்றால் 225. பன்னிரண்டு பொரித்து, பத்துக் குஞ்சு இரண்டு மாதம் தாண்டும். ஒரு குஞ்சு அதற்குள் இரண்டு கிலோ தீவனம் தின்னும். கிலோ 45 வீதம் பத்துக் குஞ்சுக்கு 900. மின்விளக்கு, தடுப்பு மருந்து 150. குஞ்சுக்கு 125 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இதில் அவர் உழைப்பு இல்லை, வருடம் முழுவதும் தாய்க்கோழிகளுக்குப் போடும் தீனி இல்லை. பத்தில் நான்கைக் கால் சரியில்லை, உடம்பு சரியில்லை என்று கறிக்கு ஒதுக்கிவிடுவார். நமக்குக் கொடுப்பது மீதி ஆறுதான். நியாயமாக வளர்ப்பவரிடம் நாம் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த ஒதுக்கலுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

தடுப்பு மருந்துச் செலவையும் லேசாக நினைக்காதீர்கள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் லசோட்டா சொட்டு, இரண்டாம் வாரம் ஐபிடி எனும் கம்போரோ நோய்க்கான மருந்து, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் அதே வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்2பி ஊசி. லசோட்டா குப்பி 100 குஞ்சுக்கானது. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். உங்கள் பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பி உடைத்தால் மீதியெல்லாம் வீண். ஐஸ் வைத்து வாங்கி வர வேறு வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர் இரண்டு மாதக் குஞ்சாக வாங்கச் சொல்வது இதனால்தான். அந்த வயதில் கொண்டையைப் பார்த்துச் சேவல், பெட்டையும் சொல்லிவிடலாம்.

நான் எட்டுப் பெட்டை, இரண்டு சேவல் வாங்கினேன், 2200 ரூபாய். ஒன்று மட்டும் செத்தது. ஏழாம் மாதத்தில் முதல் பெட்டை 13 முட்டையிட்டுத் தானே அடையில் உட்கார்ந்தது. 21 நாளில் 11 குஞ்சு. கீரி வரும்போது அந்தத் தாய் இறக்கையை விரித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தேன், எந்த இன்குபேட்டரும் அதைச் செய்யாது.

வாங்கப் போகும்போது தாயையும் தகப்பன் சேவலையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சேவலை வேறு ஒரு வளர்ப்பாளரிடம் வாங்குங்கள். ஒரே தாய்க் குஞ்சுகளை இணை சேர்த்தால் நாளாக ஆகப் பொரிப்பு குறையும். முட்டையாக வாங்கி அடை வைக்கலாம், மலிவுதான். ஆனால் பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையை ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் வையுங்கள்.

அழகுக்காக வளர்க்கும் கிளிமூக்கு விசிறிவால் கோழி பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அங்கே ஒரு குஞ்சின் விலையே ஆயிரக்கணக்கில் போகும். மூக்கும் வாலும் எப்படி வரும் என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். கடக்நாத் கேட்டால், அது மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கோழி, 2018இல் அதன் கறி புவிசார் குறியீடு வாங்கியது. நாக்கும் வாயின் உள்பக்கமும் கறுத்திருக்க வேண்டும், சிவந்திருந்தால் கலப்பு. அதுவும் சரியாக அடை உட்காராது, சிறுவிடைக்கு அடியில்தான் முட்டை வைக்க வேண்டும்.

புரட்டாசியில் கறி வாங்குவோர் குறைவதால் பெரிய கோழி கொஞ்சம் விலை இறங்கிக் கிடைக்கும். குஞ்சு என்றால் மழை ஓய்ந்து தை பிறந்ததும் வாங்குங்கள். ஏற்கனவே வீட்டில் கோழி இருந்தால், வாங்கி வந்ததை இரண்டு வாரமாவது பஞ்சாரத்தில் தனியாக, தண்ணீர்க் கிண்ணமும் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள்.